ஹேலோவும் கிரேனும்

வணக்கம் சார்,

பள்ளி நாட்களிலிருந்து ஃபார்முலா 1 பார்க்கிறேன். இப்போதெல்லாம் மழை கொஞ்சம் வலுத்தாலே சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்திவிடுகிறார்கள். டிரைவர் தலைக்கு மேல் ஹேலோ என்று ஒரு கம்பி வேறு. ஆபத்து தெரிந்துதானே ஓட்ட வருகிறார்கள்? அதையும் எடுத்துவிட்டால் ரேஸில் என்ன மிச்சம்?

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

தெரிந்துதான் வருகிறார்கள். ஆனால் எல்லா ஆபத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா ஓடுதளம். மழை, வெளிச்சமும் மங்கிவிட்டது. ஏட்ரியன் சூட்டில் என்ற டிரைவரின் கார் வழுக்கித் தடுப்பில் மோதி நின்றது. அதைத் தூக்க ஆறரை டன் கிரேன் உள்ளே வந்தது. ரேஸை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் இரட்டை மஞ்சள் கொடியோடு சரி. அடுத்த சுற்றில் ஜூல்ஸ் பியாங்கி அதே இடத்தில் வழுக்கி, கிரேனுக்கு அடியில் போய்ச் செருகினார். கோமாவிலேயே இருந்து 2015 ஜூலையில் இறந்தார். வயது 25.

அவர் போதிய அளவு வேகம் குறைக்கவில்லை என்றது விசாரணைக் குழு. இருக்கலாம். ஆனால் மஞ்சள் கொடிக்கு எவ்வளவு குறைப்பது என்பதை டிரைவரிடமே விட்டிருந்தார்கள். அதிகம் குறைப்பவன் நொடிகளை இழப்பான். எவன் மனமுவந்து இழப்பான்? 2015-ல் வந்த விர்ச்சுவல் சேஃப்டி கார் என்ற விதி அந்தப் பேரத்தையே ஒழித்தது: எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும், யாரும் முந்தக் கூடாது. ஈர வளைவில் வழுக்குவது பியாங்கி ஏற்றுக்கொண்ட ஆபத்து. கிரேன் அப்படியல்ல. (2022-ல் அதே சுசூகாவில், அதே மழையில், டிரைவர் பியர் காஸ்லி மறுபடி ஒரு மீட்பு வண்டியைத் தாண்டிப் போக நேர்ந்தது. ரேடியோவில் கொதித்துவிட்டார்.)

ஹேலோ அழகில்லைதான். 2018-ல் வருவதற்கு முன் அதை எதிர்த்தவர்களில் டிரைவர் ரொமான் குரோஷானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரைனில் அவர் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பைத் துளைத்தது, இரண்டாகப் பிளந்தது, தீப்பிடித்தது. தலைக்கு நேரே வந்த தகடுகளை ஹேலோ விலக்கியது. கைகள் வெந்த நிலையில், தானே ஏறி வெளியே வந்தார். அந்தக் கம்பியால் இன்றுவரை எந்த ரேஸாவது சப்பென்று ஆகியிருக்கிறதா, சொல்லுங்கள்.

மழை விஷயத்தில் மட்டும் உங்கள் கோபத்தில் பாதி நியாயம். 2021-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ரசிகர்களை மணிக்கணக்கில் நனையவிட்டு, முன்னே மெதுவாகப் போகும் சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்ந்துவிட்டு, பாதிப் புள்ளியும் கொடுத்தார்கள். ஓட்ட முடியாது என்றால் ரத்து என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள்: சேஃப்டி கார் இல்லாமல் இரண்டு சுற்றாவது ஓடினால்தான் புள்ளி.