ராசாவிடம் ஏன் நேரே சொல்லவில்லை?

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சிப் பக்கம் தரம் ஐந்துக்குப் படிப்பிக்கிறேன். தெனாலிராமன் கதை சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கு ஒரு பெடியன், "ரீச்சர், ராசா செய்தது பிழையெண்டு அவர் ஏன் நேரே சொல்லேல்லை?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பெரிய இடத்தில் நெளிந்து பிழைக்கத்தான் இந்தக் கதைகள் பழக்குகின்றனவா?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

நேரே சொன்னவனின் தலை போயிருக்கும், கதையும் அதோடு சரி. வெறும் முகத்துதிக் கதைகளும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் மரண தண்டனை விதித்துவிட்டு "எப்படிச் சாக விரும்புகிறாய்?" என்று அரசன் கேட்க, "கிழவனாகி" என்கிறானே ராமன், அதில் புகழ்ச்சி ஒரு சொட்டும் இல்லை. தெரிவைக் கொடுத்தவனே அரசன்தான். சொன்ன சொல்லும் தவறாமல், சபையில் முகமும் கெடாமல் அவன் இறங்கிவர வழி கிடைக்கிறது. ஆத்திரத்தில் ஏறி நிற்பவனுக்கு வேண்டியது அதுதான்.

அந்தப் பெடியனுக்குச் சங்கப் புலவர் கோவூர்கிழாரைச் சொல்லுங்கள். புறநானூற்றின் 46ஆம் பாட்டு. பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் போடக் கொண்டுவந்து நிறுத்துகிறான் சோழ அரசன் கிள்ளிவளவன். புலவர் முதலில், "நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன்" என்கிறார். இது புகழ்ச்சி என்றே வைப்போம். அப்புறம் பிள்ளைகளைக் காட்டுகிறார்: யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள், கூடிநிற்கும் சனத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். யானைக் காட்டோரம் வளரும் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்த இடம் விளக்கமில்லாமலே விளங்கும். கடைசியில், "கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய்" என்று முடித்துவிடுகிறார். 'விட்டுவிடு' என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

எனக்கென்றால் நம் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் கதை இதிலும் பார்க்கப் பிடிக்கும். மதுரையை எரித்த கண்ணகி, கிழவியாக நந்திக்கடலோரம் வருகிறாள். மாடு மேய்க்கும் பெடியளிடம் சாதுரியம் ஏது? பசிக்கிறது என்றாள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்தண்ணியை விடச் சொன்னாள், எரிந்தது. வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் அங்கே உப்புநீரில்தான் விளக்கு. பிறகு பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலையெல்லாம் கண்! ஆரென்று முதலே தெரிந்திருந்தால் புக்கையாவது ஒன்றாவது, ஓடியிருப்பார்கள்.

கிள்ளிவளவனின் சபையில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அந்தப் பெடியனிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை அவன் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.