கரன்ட் இல்லாத தோப்பில் டீசல் வெல்டிங் செட்: கேள்வியும் பதிலும்

கொழிஞ்சாம்பாறையில் 26 வருடமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். முதலமடை மாந்தோப்பு, வேலந்தாவளம் தென்னந்தோப்பு என்று கரன்ட் போகாத இடத்தில் கேட்டோ ஷெட்டோ போட வேண்டுமென்றால், டீசல் இன்ஜினே வெல்டிங் கரன்டைக் கொடுக்கும் டீசல் வெல்டிங் செட்டை டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். நீங்கள் அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: அண்ணா, செகண்ட் ஹேண்டில் ஒரு 400 ஆம்பியர் செட் வாங்கியிருக்கேன். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணுங்க?

முதலில் செட் சமதரையில் நிற்கிறதா என்று பாருங்கள் தம்பி. சரிவில் நின்றால் டிப் ஸ்டிக் பொய் சொல்லும். ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை, டீசல் இன்ஜின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. அளவு கோட்டுக்கு மேலே ஏறி டீசல் வாடை அடித்தால் ஆயிலுக்குள் டீசல் இறங்குகிறது. அதையும் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட், ஏர் பில்டர், செட்டுக்கு அடியில் ஒழுகல். கேபிளைக் கை வைத்துத் தடவி வாருங்கள், ரப்பர் வெடித்த இடம் கைக்குத் தெரிந்துவிடும். வெல்டிங் ராடு பிடிக்கும் ஹோல்டரை எதன்மீதும் படாமல் தனியாக மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்துவிட்டால் 5 நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும். சாயங்காலம் நிறுத்தும்போதும் அதே 5 நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டி, சூடு இறங்கிய பிறகு அணையுங்கள். செகண்ட் ஹேண்ட் என்பதால் பழைய கணக்கை நம்ப வேண்டாம். ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர் மூன்றையும் இன்றே மாற்றி, இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் எண்ணைச் சுண்ணாம்பில் எழுதி வையுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: ஆனி ஆடியில சாரல் விடாம அடிக்குதுங்க. செட்டை ஷெட்டுக்குள்ள தள்ளி, ரெண்டு பக்கக் கதவையும் திறந்து வச்சு ஓட்டலாமா?

கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. பெட்ரோல் இன்ஜினைவிட டீசலில் குறைவுதான், ஆனாலும் அடைத்த இடத்தில் சேர்ந்தால் உயிரை எடுக்கும். தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் என்று ஆரம்பிக்கும். வெயில் அடித்தது, காலையில் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே மயங்கி விழுவார்கள். என்னுடன் வேலை செய்த ஒருவரை அப்படி ஒரு கோழிப்பண்ணை ஷெட்டிலிருந்து நாங்கள் தூக்கி வெளியே போட்டோம். இரண்டு கதவும் திறந்துதான் இருந்தன. காற்று எதிர்ப்பக்கமாக அடித்துப் புகையை உள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது.

நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்கே தெரியும், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வாரிக்கொண்டு வரும். செட்டை வெளியே, ஷெட்டுக்குக் கிழக்கே தள்ளி வைத்து, சைலன்சர் வாய் கிழக்கே பார்க்கும்படி நிறுத்துங்கள். புகையைக் காற்றே கொண்டுபோகும். மேலே நான்கு காலில் ஒரு தகரக் கூரை போதும், பக்கங்களைத் தார்ப்பாயால் மூடக் கூடாது. கேபிளை நீளமாக இழுத்துக்கொண்டு நீங்கள் உள்ளே வேலை செய்யுங்கள்.

மழையில் இன்னொன்றும் உண்டு. வெல்டிங் நடக்கும்போது 20, 30 வோல்ட்தான். ராடு இரும்பில் படாமல் இருக்கும்போது டிசி செட்டில் 70, 80 வோல்ட் வரை நிற்கும். நனைந்த கையுறை, ஈர மண், வெறுங்கால் என்று சேர்ந்தால் அது போதும் ஆளைச் சாய்க்க. காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த தோல் கையுறை போட்டு ராடு மாற்றுங்கள். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

மீனாட்சிபுரத்திலிருந்து: டீசல் தீர்ந்து நின்னு போச்சுங்க. நிரப்பியும் ஸ்டார்ட் ஆகல.

ஏர் லாக், அதாவது டீசல் பைப்பில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. சில செட்டில் காற்று தானாகவே வெளியேறும், பெரும்பாலான பழைய செட்டில் நாம்தான் எடுக்க வேண்டும். டீசல் பில்டர் தலையில் உள்ள சின்ன பிளீடிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரை நுரையாக வரும், பிறகு குமிழ் குமிழாக, கடைசியில் நூல் பிடித்த மாதிரி டீசல் மட்டும் வரும். அப்போது, பம்பை அழுத்தியபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலும் இதே வேலை. அதற்கும் ஆகவில்லையென்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள், டீசல் தெறித்ததும் இறுக்கிவிடுங்கள். அந்த இடத்தில் விரலை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

செல்ஃப் ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். சிந்திய டீசலைத் துடைத்த பிறகுதான் ராடு பிடிக்க வேண்டும்.

சித்தூரிலிருந்து: கரன்ட் போனா செட்டோட 230 வோல்ட் பிளக்கிலிருந்து வீட்டு சாக்கெட்டுக்கு ஒயர் போட்டு ஓட்டலாமுங்களா?

லைன் அல்லது செட், இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒருநாளும் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் கரன்ட் மீட்டர் வழியாக லைனுக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போய் 11,000 வோல்ட்டாக மாறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத்தான் தொடுவார். நேராகப் பிளக்கிலிருந்து பிரிட்ஜ், மோட்டார் என்று தனித்தனியாக எடுத்தால் தப்பில்லை, அதுவும் கரன்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக, எர்த் சரியாகப் போட்டு.

கோபாலபுரத்திலிருந்து: அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி 12 மணிக்கு மேல கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியுதுன்னு தூங்கவே மாட்டேங்கிறார். தாய்ப்பால் விடச் சொல்றாங்க, உருளைக்கிழங்கு வைக்கச் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாம் அம்மணி. வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழித் தோலைச் சுட்டுவிட்டது. அது வெயிலில் தோல் கருகுவது போலத்தான், பட்ட உடனே தெரியாது, 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் எரியும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வையுங்கள், அறையை இருட்டாக்குங்கள், கசக்க விடாதீர்கள். காலையில் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். வலி மரத்துப்போகும் சொட்டு மருந்தைத் தானாக வாங்கி ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போவார்கள் சிலர். புண் ஆறாமல் கண்ணே கெடும். 100 முதல் 200 ஆம்பியருக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி வேண்டும். ராடை வைத்த பிறகு முகமூடியை இறக்குகிற பழக்கம் அவருக்கு இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கஞ்சிக்கோட்டிலிருந்து: என்னோட செட்டும் 400 ஆம்பியர். கிரில் வேலைதான், 2.5 ராடு. சைலன்சர்ல கறுப்பா எண்ணெய் ஒழுகுது. ரிங் போயிருச்சுன்னு மெக்கானிக் சொல்றாருங்க.

பிஸ்டன் ரிங் மேல் கை வைக்கும் முன் ஒரு கணக்குப் பாருங்கள். 2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர், 23 வோல்ட் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1,840 வாட். உங்கள் செட் 400 ஆம்பியரில், 36 வோல்ட்டில் 14,400 வாட் கொடுக்கக் கட்டியது. எட்டில் ஒரு பங்கு வேலைதான் வாங்குகிறீர்கள். இன்ஜின் சூடேறாமல் டீசல் முழுதாக எரிவதில்லை, எரியாதது கரியோடு சேர்ந்து சைலன்சரில் ஒழுகுகிறது. வாரத்தில் ஒருநாள் முக்கால் லோடாவது கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒழுகல் நின்றால் ரிங் நன்றாக இருக்கிறது. கிரில் மட்டும்தான் வேலை என்றால் சின்ன செட்டுக்கு மாறுவது நல்லது, டீசலும் மிச்சமாகும்.

வாளையாறிலிருந்து: பங்குனியில டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருது.

60 சதவீத டியூட்டி என்று பிளேட்டில் இருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அடிக்கலாம். அதைத் தாண்டினால் வைண்டிங் வேகும். ஆனால் முள் சிவப்புக்குப் போவது பெரும்பாலும் ரேடியேட்டரால்தான். இறகுகளுக்குள் அடைந்த தென்னந்தூசியை உள்பக்கமிருந்து ஊதி எடுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் கிழக்குப் பக்கத் தண்ணீர் உப்புக் கட்டிக் குழாயை அடைக்கும். கூலன்ட்தான் வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்துக்கு வரும்.

வண்ணாமடையிலிருந்து: காலி டீசல் பேரலை அறுத்து அடுப்பு செய்யணும். கழுவி, ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டேன். ஆர்க் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். தகர மடிப்பில் ஒளிந்திருக்கும் டீசல், சூடு பட்டதும் ஆவியாகிறது. பேரல் குண்டாக வெடிக்கும். கழுவுவதும் வெயிலும் அதைப் போக்காது. அடுப்புக்குப் புதுத் தகரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எலப்புள்ளியிலிருந்து: ஸ்டாப் லீவரை இழுத்தும் இன்ஜின் நிக்காம, சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. தானா நின்னுச்சு. என்ன ஆச்சுங்க?

உங்கள் செட்டில் ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனரா? கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பீர்கள். இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி அதையே எரித்து ஓடியிருக்கிறது. டீசலை அடைத்தாலும் அது நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். இனி கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். காற்று உறிஞ்சும் வாயைவிடப் பெரிதாக ஒரு தட்டைப் பலகையைச் செட்டிலேயே கட்டி வையுங்கள். அப்படி ஓடினால், பக்கவாட்டில் நின்று பலகையை அந்த உறிஞ்சும் வாய்மேல் வைத்து அழுத்துங்கள். கையையோ துணியையோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.