நூலகர் வேலை என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பது மட்டுமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்லி பெரியப்பா வற்புறுத்துகிறார். விடுதியோடு சேர்த்து 11 லட்சம் ஆகும். மகளோ நூலக அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். "புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்பது அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் சேர்க்கைத் தேதிகள் போய்விடும். நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த எம்.பி.ஏ. வேண்டாம்.

முதலில் பணம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். உங்கள் விஷயத்தில் அது வீட்டுப் பத்திரம். கல்லூரியில் காட்டும் விளம்பரத்தில் அந்த ஆண்டின் மிக உயர்ந்த சம்பளம்தான் இருக்கும். வகுப்பில் நடுவில் நிற்கிற மாணவருக்கு என்ன சம்பளம் கிடைத்தது, எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் மாதத் தவணை உங்கள் மகள் தலையில்தான் விழும். படிக்க விருப்பமில்லாத படிப்புக்கு வீட்டை ஈடு வைக்கச் சொல்லி எந்தப் பெற்றோருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. பயிற்சி பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அவள் கேட்ட படிப்பைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அதையே பேசுகிறேன்.

கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்ததும் முகப்பில் புத்தகம் பதிந்து தருகிறாரே, அவர் பெரும்பாலும் நூலக உதவியாளர். அந்த வேலைக்கும் மரியாதை உண்டு. ஆனால் உங்கள் மகள் குறிவைக்கும் பதவி வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளில் பல்கலைக்கழக உதவி நூலகரும் கல்லூரி நூலகரும் கல்விப் பணியாளர்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், உதவிப் பேராசிரியருக்கும் அதே தொகைதான். துணை நூலகர், அதற்கு மேல் பல்கலைக்கழக நூலகர் என்று படிகள் உண்டு. பல்கலைக்கழக நூலகர் பதவியின் தொடக்க அடிப்படை 1,44,200. அது பேராசிரியருக்கு இணையான நிலை. இதைப் பெரியப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

சரி, அப்படி என்னதான் வேலை?

இதழ்களை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க யு.ஜி.சி. அமைத்த, குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு இது கிடைக்கும், தனியார் கல்லூரிகளுக்குக் கிடையாது. இப்போது ஒரு அரசுப் பல்கலைக்கழக நூலகர் முன்னால் உள்ள கேள்விகளைப் பாருங்கள். இதுவரை தனியாகச் சந்தா கட்டிய இதழ்களில் எதை நிறுத்துவது? மிச்சமாகும் பணத்தைத் தமிழ், வரலாறு போன்ற துறைகளுக்கு நூல் வாங்கத் திருப்பலாமா? வேதியியல் துறைத் தலைவர் ஒத்துக்கொள்வாரா? அவர் கோபப்பட்டால் எந்தக் கணக்கைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்துவது?

இந்தச் சண்டைகள் நடக்கிற இடம் நூலகக் குழு. பல இடங்களில் துணைவேந்தரோ முதல்வரோ தலைமை வகிப்பார், துறைப் பேராசிரியர்கள் உறுப்பினர்கள், நூலகர் செயலர். கூட்டத்துக்கு என்ன பொருள் வர வேண்டும் என்று குறிப்பெழுதுவது அவர். எந்தத் துறை எத்தனை நூல் எடுத்தது, எந்த இதழை ஒருவரும் திறக்கவில்லை என்ற தரவு அவர் கையில் இருக்கும். முடிவு குழுவுடையது, ஆனால் நல்ல நூலகர் தயாரித்த குறிப்புதான் அந்த முடிவின் போக்கைத் தீர்மானிக்கும். அப்புறம் அது நிதிக்குழுவுக்கும் ஆட்சிமன்றத்துக்கும் போகும்போது அங்கே எழும் கேள்விகளுக்கும் அவரே பதில் தயாரிக்க வேண்டும்.

ஆய்வேடுகள் இன்னொரு பெரிய வேலை. 2009 யு.ஜி.சி. விதிக்குப் பிறகு பிஎச்.டி. ஆய்வேடுகள் மின்வடிவிலும் தரப்பட வேண்டும் என்றானது. அவை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. 2018-ல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகள் வந்தன. பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40-க்கு மேல் 60 வரை போனால் திருத்திய ஆய்வேட்டை ஒரு வருடத்துக்குத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. இதை விசாரிக்கும் குழுவில் ஒற்றுமை காணும் மென்பொருள் நன்கு தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த இடத்துக்குப் பொருத்தமானவர் நூலகர்தான். மேற்கோளையும் திருட்டையும் மென்பொருள் பிரித்துப் பார்க்காது. உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து, இது தவறு இல்லை என்று ஒரு மாணவனைக் காப்பாற்றுகிற பொறுப்பும் அதில் அடங்கும்.

இருப்பில் உள்ள புத்தகங்களுக்கும் கணக்கு உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன்படி 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். 50,000-க்கு மேல் இருந்தால் மூன்று ஆண்டு இடைவெளிக்குள் மாதிரிச் சரிபார்ப்பு போதும். வாசகர் எடுத்துப் பயன்படுத்தும் 1,000 நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக அந்த விதி ஏற்கிறது. இந்த விதி தெரியாமல் பயந்து அலமாரிகளைப் பூட்டி வைக்கிற நூலகங்களை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது, ஏனென்றால் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆரம்பத்தில் அவருக்கே வேலை பிடிக்கவில்லை, திரும்பக் கற்பிக்கப் போய்விட நினைத்தார். லண்டன் போய் நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகு மனம் மாறியது. திரும்பி வந்து அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார், நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார்.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய இரண்டு விஷயங்களை நான் தகுதியாகப் படித்தேன். கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருளில் நூல் விவரம் ஏற்ற அவள் விடுமுறையில் போய் உதவினாள். தேர்வுச் சமயத்தில் இரவு எட்டு மணிவரை நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கி, முதல்வரிடம் பேசிச் சாதித்தாள். வெறுமனே கதைப் புத்தகம் படிக்கப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அமைதியாக உட்கார்ந்து படிக்க நினைக்கிறவர்களுக்கு இந்த வேலை ஏமாற்றமாகவே முடியும். பத்து வருடமாகப் புத்தகம் திருப்பாத பேராசிரியரிடம் மரியாதை குறையாமல் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குத்தான் இது. அவளுக்கு அந்தத் துணிவு இருக்கிறது. அதை எம்.பி.ஏ. வகுப்பில் கொண்டுபோய் அடைக்காதீர்கள்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் யு.ஜி.சி. சம்பளம் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தப் படிப்புக்கும் கடன் வாங்காதீர்கள் என்கிறேன். பெரிய கட்டணம் கேட்கிற தனியார் இடம் தேவையே இல்லை. சென்னை, பாரதிதாசன், அழகப்பா, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களில் நூலகத் தகவல் அறிவியல் துறைகள் இருக்கின்றன. எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஒரு மையம் இருக்கிறது, ரங்கநாதன் 1962-ல் தொடங்கியது. இயற்பியல் படித்த பெண், நுழைவுத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும்.

முதுகலையில் 55 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. படிக்கும்போதே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குத் தயாராக வேண்டும், மாநில அளவிலான செட் தகுதித் தேர்வையும் விடக் கூடாது. துணை நூலகராக முனைவர் பட்டம் அவசியம், அதை வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். நிரந்தர வேலை வரும்வரை ஆய்வு நிறுவனங்கள், மருத்துவக் கல்லூரிகளில் ஒப்பந்தப் பணி செய்து, மின்களஞ்சியம் நடத்த உதவும் டிஸ்பேஸ், கோஹா ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் கை தேறட்டும். இருபத்தேழு வயதுக்குள் நெட் முடிக்கவில்லை என்றால் அப்போது மாற்று வழி பேசலாம். கையில் கடன் இல்லாதவரை அந்தப் பேச்சுக்கு இடமிருக்கும்.

இந்த வாரமே அவளைத் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ திருச்சி பாரதிதாசனுக்கோ கூட்டிப் போங்கள். வேலை நாளில், காலையில். நீங்களும் பெரியப்பாவும் கூடவே போங்கள். உதவி நூலகர் ஒருவரிடம் கால் மணி நேரம் கேட்டு, போன வாரம் அவர் என்னென்ன கோப்புகளில் கையெழுத்திட்டார், எந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தார் என்று விசாரியுங்கள். எம்.பி.ஏ.வுக்கு முன்பணம் கட்டியிருந்தால், கட்டணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேட்டு உடனே திரும்ப வாங்குங்கள்.