காலம் தப்பின மழை: இயற்கையா, நம்ம வேலையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 4 ஏக்கர் சம்பா போடுறேன். 2023 பிப்ரவரி ஆரம்பத்துல பேஞ்ச மழையில அறுப்புக்கு நின்ன நெல்லு சாஞ்சு வயல்லயே முளைச்சுப்போச்சு. அப்பா, சூரியன் எரிமலைனு பூமி எப்பவும் மாறிக்கிட்டேதான் இருக்கும்ங்கிறாரு, பையன் கரிப்புகைதான்ங்கிறான், நெல்வயலும் ஒரு காரணமாமே, எது சரி?

பதில்: அண்ணே, அப்பா சொல்றது பொய்யில்ல, ஆனா பாதிதான். 1991ல பிலிப்பைன்ஸ்ல பினடுபோ எரிமலை வெடிச்சப்போ கந்தகம் மேல போயி வெயில மறைச்சு உலகமே அரை டிகிரி கிட்ட குளிர்ந்துச்சு, ரெண்டு மூணு வருசத்துல பழையபடி ஆயிடுச்சு. சூரியனும் 11 வருசத்துக்கு ஒருக்கா ஏறி இறங்கும், பசிபிக் கடல் சூடாகுற எல் நினோவும் வரும் போகும். இறங்காம ஏறிக்கிட்டே இருக்குறது கரியமில வாயுதான், ஆலை வர்றதுக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இப்ப 420 தாண்டியாச்சு, இப்படி ஏறுனதுல பெரும்பங்கு நிலக்கரியும் டீசலும் எரிச்சதுதான். சூரியன்தான் காரணம்னா வானத்தோட மேலடுக்கும் சூடாகணும்ல, அது குளிருது, கீழதான் புழுங்குது, கரியமில வாயு கம்பளி போத்துன மாதிரி சூட்ட புடிச்சு வைக்குது. அதுக்காக உங்க நெல்ல சாய்ச்ச அந்த ஒரு மழைய இதனாலதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா காத்து ஒரு டிகிரி சூடானா 7 சதவீதம் கூடுதலா ஈரம் புடிக்கும், அப்ப பெய்யுறப்ப கொட்டத்தான் செய்யும்.

நெல்வயல் விசயமும் நெசம்தான். தண்ணி கட்டி நிக்கிற வயல்ல கால வச்சா சேத்துலேர்ந்து குபுகுபுன்னு முட்டை வருதுல்ல, அதுல மீத்தேன் இருக்கு, காத்துப் போகாத சேத்துல நுண்ணுயிர் உண்டாக்குறது, அதுவும் சூட்ட புடிச்சு வைக்கிற வாயுதான். நாம பண்ணது கொஞ்சம்தான், கரண்டுக்கும் காருக்கும் எரிக்கிறதுதான் பெருசு, இருந்தாலும் இதுல நமக்கே லாபம் இருக்கு.

காய்ச்சலும் பாய்ச்சலும் பண்ணுங்க. ஒரு அடி பிவிசி பைப்புல கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, அந்தப் பாதிய வயல்ல புதைச்சு உள்ள இருக்குற மண்ண அள்ளிடுங்க. பைப்புக்குள்ள பாத்து, தண்ணி மண்ணுக்கு கீழ 15 செமீ இறங்கினப்பறம் 5 செமீ பாய்ச்சுனா போதும், பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்னயும் பின்னயும் மட்டும் காய விடாதீங்க. மீத்தேனும் குறையும், மோட்டார் ஓடுறதும் குறையும். ஆனா இது போர் தண்ணி குறுவைக்குத்தான், ஐப்பசி கார்த்திகை அடைமழையில சம்பா வயல காயப்போடுங்கன்னு சொன்னா நீங்க என்னை அடிக்க வருவீங்க.

சம்பாவுக்கு யூரியாவ பாருங்க. பச்சை கட்டணும்னு அள்ளி வீசுனா தண்டு வளத்தியா மெத்துன்னு ஆகி லேசான காத்துக்கே சாயும், மிச்சத்துல கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடுங்கிற வாயுவா மேல போகும், அது எடைக்கு எடை கரியமில வாயுவ விட 270 மடங்கு கிட்ட சூடாக்கும். இலை வண்ண அட்டைய இலையோட வச்சு பாத்துட்டு, வெளிறினா மட்டும் போடுங்க. போன தடவ என்ன ரகம், ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டீங்கன்னு எழுதுங்க, சாஞ்சது மழையாலயா உரத்தாலயான்னு பாத்து சொல்றேன்.