'அல்லது' எங்கே நிற்கிறது?

கேள்வி: வனவிலங்கு வேட்டைக்குத் தண்டனை குறைவு என்பதால், சிறைக்காலத்தைப் பத்து ஆண்டாக உயர்த்தக் கோரி மனு எழுதுகிறோம். அது போதுமா?

பதில்: தண்டனைப் பிரிவை எடுத்து, 'அல்லது' என்ற சொல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். 'சிறை அல்லது அபராதம்' என்றிருந்தால், எத்தனை ஆண்டு போட்டிருந்தாலும் பணம் கட்டிவிட்டு வெளியே வர வழி இருக்கிறது. அந்தப் பணத்தைப் பெரும்பாலும் காட்டுக்குள் போனவன் கட்டுவதில்லை. சரக்குக்கு ஆள் அனுப்பியவன் தொழில் செலவாகக் கணக்கெழுதிக்கொள்கிறான்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இரண்டு வகையும் உண்டு. மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற, முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். பொதுவான மற்ற குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கென்யாவின் 2013ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 'அல்லது'வை வைத்திருந்தது. ஆனால் அருகிவரும் இனங்களுக்கான அபராதம் குறைந்தது 2 கோடி ஷில்லிங். 3.4 கிலோ தந்தத்துடன் பிடிபட்ட ஒருவருக்கு 2014 ஜனவரியில் அந்தத் தொகை, கட்டத் தவறினால் 7 ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. தொகை அவ்வளவு பெரிதானால் 'அல்லது' இருந்தும் குற்றவாளிக்குப் பயனில்லை.

பத்து ஆண்டுக்கு வாதாடுவதைவிட, உச்ச தண்டனை 4 ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று கேளுங்கள். நாடு கடந்த குற்றக் கும்பல்களுக்கு எதிரான 2000ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை அந்த அளவை எட்டியதைத்தான் 'கடுமையான குற்றம்' என்கிறது. கும்பல் எல்லை தாண்டி இயங்கினால், மற்ற நாடுகளிடம் விசாரணை உதவி கேட்க அது வழிவிடும்.

இன்னொன்றும் உண்டு, மனு எழுதுபவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. குற்றம் நிரூபணமாகாவிட்டால் எந்தத் தண்டனையும் ஏட்டோடு சரி. பறிமுதல் மகஜரில், அதாவது பறிமுதலைப் பதிவு செய்யும் ஆவணத்தில், 'இறைச்சி, சுமார் 4 கிலோ' என்றிருக்கும். எந்த விலங்கு என்று ஆய்வக அறிக்கை தெளிவாகச் சொல்லும். ஆனால் பொட்டலத்தின் முத்திரை எண் மகஜரில் ஒன்று, அறிக்கையில் வேறொன்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஓர் எண் போதும். பறிமுதல் நடந்த இடத்திலேயே எடை, எண், நேரத்தை எழுதி, படம் எடுத்து முத்திரையிட வேண்டும் என்பதையும் மனுவில் சேருங்கள். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு துறைச் சுற்றறிக்கையே போதும்.