இந்தோனேசியாவின் ஜாவா தீவில், விவசாயக் கிராமங்களில் இரவுக் காவல் யார் பொறுப்பு? நிலத்துக்கு என்ன ஆதாரம்?

காவல் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கையில்தான். ஆண்கள் முறை வைத்து இரவில் சுற்றி வருவார்கள். அதை ரோண்டா என்பார்கள். தெருமுனைக் காவல் குடிலில் கெந்தோங்கான் தொங்கும். மூங்கிலையோ மரத்தையோ குடைந்து, நீளவாக்கில் பிளவு விட்ட தட்டுக்கருவி அது. நிறுத்தாமல் வேகமாகத் தட்டினால் ஆபத்து. திருடனோ தீயோ, எல்லோரும் எழுந்து ஓடி வருவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜிம்பித்தான். வீட்டு வாசலில் ஒரு சின்ன டப்பாவை மாட்டி, அதில் கொஞ்சம் அரிசி போட்டு வைப்பார்கள். ரோண்டா போகிறவர்கள் அதைச் சேகரித்து ஊர்ப் பொதுநிதியில் சேர்ப்பார்கள். பல ஊர்களில் இப்போது அரிசிக்குப் பதில் சில்லறைக் காசு. டப்பாவை எடுக்க வாசல் வாசலாகப் போயே ஆகவேண்டும் அல்லவா, அதனால் காவலும் தானாக நடந்துவிடுகிறது. அருமையான ஏற்பாடு!

நில விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் பதிவுச் சான்றிதழுக்கு வழி செய்தது. ஆனாலும் பல குடும்பங்களுக்கு நெடுங்காலம் இருந்த ஆதாரம், கிராம அலுவலகத்தில் ‘லெட்டர் சி’ என்ற பழைய பதிவேட்டில் ஒரு பதிவு மட்டுமே. அது வரிக்காக எழுதியது, உரிமைப் பத்திரம் இல்லை. அப்பா காலமாகி வயலைப் பாகம் பிரிக்கும்போதுதான் இதன் வலி தெரியும். 2017 முதல் அரசு கிராமம் கிராமமாக அளந்து சான்றிதழ் தருவதை வேகப்படுத்தியது. அப்புறம் பெங்கோக் நிலம்: ஊர்த்தலைவருக்கும் கிராம அலுவலர்களுக்கும் பதவிக்காலம் வரை ஊதியமாக விடப்படும் வயல். அதை அவர்கள் சொந்தச் சொத்தாக விற்க முடியாது.