ஹோம் தியேட்டர் ரிசீவர் படம் ஓடும்போதே திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. திரும்பப் போட்டால் வருகிறது, சில சமயம் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், அது எந்த நேரத்தில் ஆஃப் ஆகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும்.

முதலில் ஸ்டாண்ட்பை விளக்கு. ரிசீவர் ஆஃப் ஆனபிறகும் அது எரிந்தால் அல்லது மினுக்கினால், ரிசீவர் தானாகவே முடிவெடுத்து அணைந்திருக்கிறது. அந்த விளக்கும் சேர்ந்து அணைந்தால் கரண்ட் வரவில்லை. பிளக், சுவிட்ச் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பின்பக்கம் சொருகும் பவர் கார்டு எதுவாவது லூசாக இருக்கும். பிளக்கின் பின் கறுத்திருந்தால் தேடவே வேண்டாம், அதுதான். மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் அணைகிறதா? இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள், மாறும் இடைவெளி குறையும்.

கோளாறே இல்லாமல் அணைவதும் உண்டு. படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் ஆஃப் ஆகியிருக்கிறது என்றால் அது ஆட்டோ ஸ்டாண்ட்பை. டெனானில் சிக்னல் இல்லாமல் 15, 30, 60 நிமிடம் என்று வைக்கும் வசதி இருக்கிறது, யமஹாவிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்பு உண்டு. மெனுவில் போய் ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். டிவியையோ செட்டாப் பாக்ஸையோ தொட்டதும் அணைந்தால் காரணம் எச்டிஎம்ஐ சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஒரு கருவி இன்னொன்றை ஆன், ஆஃப் செய்யும் வசதி. சாம்சங் டிவியில் இதற்கு அனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவி, ரிசீவர் இரண்டிலும் அதை நிறுத்திச் சோதியுங்கள். ஏஆர்சி (டிவி சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக வரும் டிவி சத்தம் அதனால் நின்றுபோகலாம். அப்போது ஒரு ஆப்டிகல் கேபிள் போட்டுக்கொண்டால் போதும்.

இனி நிஜக் கோளாறுகள். சத்தம் கூட்டும்போது, குறிப்பாகச் சண்டைக்காட்சியிலோ பேஸ் அடிக்கும்போதோ அணைந்தால், பெரும்பாலும் குற்றவாளி ஸ்பீக்கர் வயர்தான். பின்பக்கம் டார்ச் அடித்து ஒவ்வொரு டெர்மினலாகப் பாருங்கள். முறுக்காமல் சொருகிய வயரிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து, பக்கத்து டெர்மினலையோ பின்பக்கத் தகட்டையோ தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு இழை போதும், ரிசீவரைக் காக்கும் புரொடெக்‌ஷன் சர்க்யூட் உடனே அணைத்துவிடும். ஒன்க்யோ, யமஹா மாடல்களில் ஸ்பீக்கர் வயரைப் பார்க்கச் சொல்லி டிஸ்ப்ளேயிலேயே எழுத்து வரும். டெனான், மரான்ட்ஸில் சிவப்பு விளக்கு அரை நொடிக்கு ஒருமுறை வேகமாக மினுக்கினால் ஸ்பீக்கர் வயர் அல்லது ஆம்ப்ளிஃபயர் பகுதி, சுமார் 2 நொடிக்கு ஒருமுறை நிதானமாக மினுக்கினால் சூடு.

சோதிக்கும் வழி எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றுங்கள். பிறகு பவர் கொடுத்து, படத்தை ஓடவிட்டு, வால்யூமை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். டிரான்சிஸ்டர் ரிசீவருக்கு ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. அணையாமல் ஓடினால் சந்தேகம் வெளியே, வயரிலும் ஸ்பீக்கரிலும்தான். இப்போது ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துவிட்டு. எதை மாட்டியதும் அணைகிறதோ அங்கே மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. 1 ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட். வயரை மட்டும் பார்க்க, இரண்டு முனைகளையும் விடுவித்துவிட்டு அளக்கவேண்டும். மீட்டரில் இடது ஓரம் வெறும் 1 நின்றால் (சில மீட்டரில் ஓஎல் என்று வரும்) வயர் நல்லது. சரவுண்ட் வயர் ஃபால்ஸ் சீலிங் வழியாகப் போகிற வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எலி கடித்ததும் ஆணி இறங்கியதும் கண்ணுக்குத் தெரியாது.

வயரை மறுபடி மாட்டும்போது 10 மில்லிமீட்டர் மட்டும் தோலுரித்து, இறுக்கி முறுக்கி, முடிந்தால் பனானா பிளக் போடுங்கள்.

வயர் சரியாக இருந்தும் சத்தத்தில் அணைந்தால் காரணம் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் சொல்லும் ஸ்பீக்கரின் மின்எதிர்ப்பு. அது குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகக் கொடுத்தால் ரிசீவருக்கு அது 4 ஓம். பெட்டியில் போட்ட கார் ஸ்பீக்கரும் பெரும்பாலும் 4 ஓம்தான். பின்பக்கம் 6 முதல் 16 ஓம் என்று அச்சிட்ட ரிசீவர் இதை அதிக சத்தத்தில் தாங்காது. பை-ஆம்ப் செய்திருந்தால், அதாவது ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர் சேனல் கொடுத்திருந்தால், ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் உலோகப் பட்டையைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். கழற்றாவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும். சப்வூஃபர் இருந்தால் ரிசீவர் மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை (பேஸ் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் சுமை சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவர் நிம்மதியாக ஓடும்.

அரை மணி, முக்கால் மணி ஓடியபிறகு அணைந்து, ஆறியதும் வந்தால் சூடு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை அடைப்பது, அதன் தலைமேல் செட்டாப் பாக்ஸை வைப்பது, இரண்டையும் விடுங்கள். மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும். இடமே இல்லையென்றால் மேல் சல்லடையில் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, காற்றை மேலே இழுக்கும்படி வைத்து 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டுங்கள். தூசியை பிளக்கைப் பிடுங்கியபிறகு பிரஷ்ஷால் தட்டி, பிளோயரால் ஊதுங்கள்.

எல்லா வயரையும் கழற்றியபிறகும், போட்ட 2, 3 நொடியில், ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே டிக் என்று ஒலிக்கும் முன்பே அணைந்தால் கோளாறு உள்ளே. திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், இருக்கிற சேதம் பெருகும். மூடியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபிறகும் பெரிய கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். இந்த நிலையில் ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருப்பதுதான் அதிகம். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, எரிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்த சேனலின் ஜோடி இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் பவர் சீரிஸ் லாம்ப் (கரண்டைக் கட்டுப்படுத்த வரிசையில் மாட்டும் பல்பு) வழியாகவே கொடுக்கவேண்டும். புரொடெக்‌ஷனைத் துண்டித்து ஓடவைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் ரிசீவரைக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் டிசி வோல்டேஜ் நேராக ஸ்பீக்கருக்குப் போய் வாய்ஸ் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை) எரித்துவிடும். வேலை முடிந்து வாங்கும்போது ஸ்பீக்கர் மாட்டாமல், பாட்டு ஓடாமல், ஒவ்வொரு சேனல் டெர்மினலிலும் டிசி வோல்டேஜை உங்கள் கண்முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.